காய்ச்சலும் இரத்தப் பரிசோதனைச் சீட்டும்: வணிகர்கள் அறிந்துகொள்ள வேண்டியவை



விலைவாசியையும் வரியையும் பற்றிப் பேசுகிற நமது இதழில் காய்ச்சலைப் பற்றி என்ன எழுத்து என்று சிலர் நினைக்கலாம். நான் மருத்துவன் அல்லன். மளிகை மொத்த வியாபாரி. ஆயினும் என் கடையில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு, இந்த விஷயத்தைத் தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும் ஓரளவு புரிந்துகொண்டேன். அதை நம்மவர்களுக்குச் சொல்லாமல் இருப்பது சரியல்ல என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

2017ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம். கிட்டங்கியில் மூட்டைக்கு மேல் மூட்டை. என்னிடம் வேலை பார்த்த பத்தொன்பது வயதுப் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. ஊரெல்லாம் டெங்கு என்று பேச்சு. ஆகவே மறுநாளே நான் பணம் கொடுத்து, "டெங்கு டெஸ்ட் எடுத்துட்டு வா" என்று ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பினேன். சீட்டு வந்தது. 'ஐஜிஎம் நெகட்டிவ், ஐஜிஜி நெகட்டிவ்' என்று இருந்தது. "ஒண்ணுமில்லடா, சாதாரணக் காய்ச்சல்தான்" என்று நானே தீர்ப்புச் சொன்னேன். ஐந்தாம் நாள் காலையில் அவன் வந்து, "காய்ச்சல் விட்டுட்டு அண்ணாச்சி, மூட்டை எடுக்கேன்" என்றான். நானும் சரி என்றேன். அன்று மதியம் தராசுக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்து மயங்கி விழுந்தான். கை கால் சில்லிட்டுப் போயிருந்தது. அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே மறுநாள் எடுத்த பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. நான்கு நாள் குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

முதல் சீட்டு பொய்யா என்று மருத்துவரிடம் கேட்டேன். "சீட்டு பொய் இல்லை. நீங்கள் கேட்ட நாள்தான் தவறு" என்றார். அந்த ஒரு வார்த்தையின் விளக்கம்தான் இந்தக் கட்டுரை.

எதிர்ப்பொருள் என்றால் என்ன?

டெங்கு, சிக்குன்குனியா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஆகியவை கொசுவினால் பரவும் வைரஸ் நோய்கள். (மலேரியாவும் கொசுவினால் வருவதுதான், ஆனால் அது வைரஸ் அல்ல, ஒட்டுண்ணி. அதற்கு இரத்தப் படலத்தை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை தனியாக உண்டு.) வைரஸ் உடம்பில் புகுந்ததும், அதை எதிர்க்க உடம்பு சில புரதங்களை உண்டாக்குகிறது. இவற்றைத்தான் எதிர்ப்பொருள், ஆங்கிலத்தில் ஆன்டிபாடி என்கிறார்கள். ஐஜிஎம், ஐஜிஜி என்பவை அவற்றில் இரண்டு வகை.

நமக்குப் புரியும்படி சொன்னால், வைரஸ் என்பது லாரியில் வந்து இறங்கிய சரக்கு. ஐஜிஎம் என்பது சிட்டை. அண்மையில் நடந்ததை உடனுக்குடன் குறித்து வைத்து, சில மாதத்தில் கிழித்துப் போடுகிறோம். ஐஜிஜி என்பது பேரேடு. தாமதமாக ஏறினாலும் பல வருடம் நிற்கும். சரக்கு இறங்கிய அன்றைக்கே சிட்டையைப் புரட்டி, "ஒன்றும் எழுதவில்லையே, சரக்கே வரவில்லை" என்று சொன்னால் எப்படி இருக்கும்? நான் அந்தப் பையன் விஷயத்தில் செய்தது அதுதான்.

நாள் கணக்கு

டெங்குவில் முதன்முறையாகத் தொற்று ஏற்பட்டவர்களில், காய்ச்சல் தொடங்கி 3 முதல் 5 நாளுக்குள் பாதிப் பேருக்குத்தான் ஐஜிஎம் தென்படுகிறது. 5ஆம் நாளில் 80 சதவீதம் பேருக்கும், 10ஆம் நாளில் 99 சதவீதம் பேருக்கும் தென்படுவதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. இரண்டு வாரத்தில் அது உச்சத்தை எட்டி, பிறகு இரண்டு மூன்று மாதத்தில் குறைந்து மறைகிறது. ஐஜிஜி முதல் வாரத்தின் முடிவில்தான் மெல்லத் தலைகாட்டும். பிறகு பல்லாண்டுகள், பெரும்பாலும் ஆயுள் முழுவதும் இருக்கும்.

அப்படியானால் முதல் நான்கைந்து நாளில் கண்டுபிடிக்க வழி இல்லையா? இருக்கிறது. சிட்டையைப் பார்க்காமல் சரக்கையே தேடுகிற சோதனை அது. டெங்கு வைரஸ் வெளியிடும் என்.எஸ்.1 என்ற புரதம் காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே இரத்தத்தில் இருக்கும். முதல் ஐந்து நாளுக்குள் என்.எஸ்.1 சோதனை, ஐந்தாம் நாளுக்கு மேல் ஐஜிஎம் சோதனை என்பதுதான் அரசு மருத்துவமனைகளில் கடைப்பிடிக்கும் முறை. சிக்குன்குனியாவிலும் ஏறக்குறைய இதே கணக்குத்தான்: முதல் வாரத்தில் வைரஸின் மரபுப் பொருளைத் தேடும் பி.சி.ஆர். சோதனை; அதன் பிறகு ஐஜிஎம்.

ஆகவே பரிசோதனைக்குப் போகிறவர், காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். தேதி இல்லாத பில்லுக்கு நாம் பணம் கொடுப்பதில்லை. காய்ச்சல் தேதி தெரியாத சீட்டுக்கும் மருத்துவரால் பொருள் சொல்ல முடியாது.

பரிசோதனை வளர்ந்த விதம்

முன்காலத்தில் இது எளிதாக இருக்கவில்லை. 1958ல் கிளார்க், காசல்ஸ் என்ற இருவர் வகுத்துக் கொடுத்த முறையில், பெருவாத்தின் இரத்தச் சிவப்பணுக்களைக் கொண்டு சோதித்தார்கள். நோய் கண்டபோது ஒரு முறையும், இரண்டு வாரம் கழித்து மறுமுறையும் இரத்தம் எடுத்து, எதிர்ப்பொருள் நான்கு மடங்கு உயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முடிவு வருவதற்குள் நோயாளி வீடு திரும்பியிருப்பார், அல்லது காலமாகியிருப்பார்.

1971ல் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் ஈவா எங்வால், பீட்டர் பெர்ல்மன் ஆகியோர் எலிசா என்ற முறையைக் கண்டுபிடித்தார்கள். 96 சிறு குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழியின் அடியில், ஐஜிஎம்மைப் பிடித்து நிறுத்தும் பொருள் பூசியிருப்பார்கள். நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை அதில் விட்டால், அதிலுள்ள ஐஜிஎம் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். பிறகு டெங்கு வைரஸின் புரதத்தை விடுவார்கள். டெங்குவுக்கான ஐஜிஎம் இருந்தால் மட்டுமே அந்தப் புரதம் அங்கே நிற்கும். இல்லாவிட்டால் கழுவும்போது போய்விடும். கடைசியாக விடும் நொதிப்பொருள் நிறம் காட்டும். நிறத்தின் அடர்த்தியை இயந்திரம் அளந்து சொல்லும். புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம் இந்தச் சோதனைப் பெட்டிகளைத் தயாரித்து, நாடெங்கும் குறிப்பிட்ட அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பி வருகிறது.

எலிசாவுக்குச் சில மணி நேரம் பிடிக்கும். தட்டில் குழிகள் ஓரளவு நிறையும் வரை மாதிரிகளைச் சேர்த்து வைத்துச் செய்வதும் உண்டு. ஒரு மூட்டைக்காக லாரி அனுப்ப முடியாதல்லவா? அரசு மருத்துவமனையில் முடிவு தாமதமாக வந்தால் இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று அட்டைச் சோதனை. ஒரு சிறு பிளாஸ்டிக் அட்டையில் இரத்தத் துளி விட்டால் இருபது நிமிடத்துக்குள் கோடு தெரியும். 'சி' என்ற எழுத்துக்கு நேராக ஒரு கோடு கட்டாயம் வரவேண்டும். அது வராவிட்டால் அந்த அட்டையே செல்லாது. வேகம் இதன் நன்மை. ஆனால் அட்டைக்கு அட்டை தரம் மாறுபடும். அதனால் அட்டை முடிவை மட்டும் வைத்து டெங்கு என்று உறுதி செய்வதை மத்திய அரசின் வழிகாட்டி ஏற்பதில்லை. எலிசா முறையில் உறுதி செய்யச் சொல்கிறது.

ஒரே சாயல், தவறான ஆள்

டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஜிகா ஆகிய மூன்றின் வைரஸ்களும் ஒரே குடும்பம். ஒன்றுக்கு உண்டான எதிர்ப்பொருள் இன்னொன்றின் சோதனையிலும் ஒட்டிக்கொள்ளக்கூடும். ஒரே பெயர் கொண்ட இரண்டு கடைக்காரர்களின் பற்று வரவு இடம் மாறிப் பதிவாவதைப் போன்றது இது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 1955ல் நம் வேலூர்ப் பக்கம்தான் கண்டறியப்பட்டது. ஆகவே நமக்கு இது தூரத்து விஷயம் அல்ல. அந்நோய்க்கான தடுப்பூசி போட்டுக்கொண்டவரிடமும் இந்தக் குழப்பம் வரலாம். சிக்குன்குனியா வைரஸ் வேறு குடும்பம். அதனால் அதில் இந்தக் குழப்பம் குறைவு. ஆனால் டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் அதையும் பரப்புகிறது என்பதால், ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு.

காய்ச்சல் இல்லாதவர்களும் 'எதற்கும் எடுத்துப் பார்ப்போம்' என்று சோதனை செய்துகொள்வது வீண். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நோயுள்ள 100 பேரில் 80 பேரைப் பிடிக்கும், நோயில்லாத 100 பேரில் 5 பேரைத் தவறாகக் காட்டும் ஓர் அட்டை என்று வைத்துக்கொள்வோம். டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சல்காரர்கள் 100 பேரில் 40 பேருக்கு டெங்கு இருந்தால், அட்டை 32 பேரைச் சரியாகவும் 3 பேரைத் தவறாகவும் காட்டும். 35ல் 32 சரி. இதே அட்டையை, 1,000 பேரில் 10 பேருக்கு மட்டுமே டெங்கு உள்ள இடத்தில் எல்லோருக்கும் வைத்தால்? 8 பேரைச் சரியாகவும், ஏறத்தாழ 50 பேரைத் தவறாகவும் காட்டும். தராசு அதேதான், நிறுத்த சரக்குத்தான் வேறு. முதல் கணக்கிலும் தப்பிப்போன 8 பேர் இருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். என் கடைப் பையன் அப்படித் தப்பியவர்களில் ஒருவன்.

இரண்டாம் முறை வந்தால்

டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அந்த வகை மீண்டும் வராது. ஆனால் மற்ற மூன்றும் வரலாம். இரண்டாம் முறை வேறு வகை வந்தால் ஆபத்து அதிகம். முதல் முறை உண்டான எதிர்ப்பொருள் புதிய வகையின் மேல் ஒட்டிக்கொள்ளும். அதை அழிக்க வலுவில்லாமல், உடம்பின் செல்களுக்குள் அது நுழையத் துணையாகிவிடும். காவலுக்கு வைத்த ஆளே கதவைத் திறந்துவிட்ட கதை. 1960களில் தாய்லாந்தில் குழந்தைகளிடம் இதைக் கவனித்து எழுதியவர்களில் முக்கியமானவர் ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க மருத்துவர்.

இரண்டாம் தொற்றில் ஐஜிஜி வெகு சீக்கிரம் மிக உயரத்துக்குப் போகும். ஐஜிஎம் குறைவாகவோ, தெரியாமலோ இருக்கலாம். என்.எஸ்.1 சோதனையும் சிலருக்கு நெகட்டிவ் ஆகலாம். ஆபத்து அதிகமுள்ளவருக்கே சீட்டு 'இல்லை' என்று சொல்ல வாய்ப்பு உண்டு என்பதால், இதை நன்றாக நினைவில் வைக்க வேண்டும்.

எதிர்ப்பொருள் சோதனையின் அருமைக்கு இன்னோர் உதாரணம் பிலிப்பைன்ஸ் நாடு. அங்கே 2016 முதல் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் குழந்தைகளுக்கு டெங்கு தடுப்பூசி ஒன்று போடப்பட்டது. முன்பு டெங்கு வராத குழந்தைகளுக்கு அந்த ஊசிக்குப் பிறகு நோய் வந்தால் கடுமையாகலாம் என்று 2017 இறுதியில் தெரியவந்ததும் திட்டமே நிறுத்தப்பட்டது. அந்த ஊசியைப் போடுவதற்கு முன் ஐஜிஜி சோதனை செய்து, ஏற்கெனவே டெங்கு வந்தவரா என்று பார்க்க வேண்டும் என 2018ல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. பழைய பேரேட்டைப் பார்க்காமல் புதுக் கணக்குத் தொடங்கக் கூடாது என்பது நமக்குத் தெரிந்த பாடம்தான்.

சீட்டைப் படிக்கும் முறை

1. என்.எஸ்.1 பாசிட்டிவ்: இப்போதைய காய்ச்சல் டெங்குவாக இருப்பதற்கு வலுவான சான்று.

2. ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவ்: கடந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் டெங்கு தொற்றியிருக்கலாம். இப்போதைய காய்ச்சலுக்கு அதுவே காரணமா என்பதை அறிகுறிகளோடு சேர்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

3. ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ்: பழைய தொற்றாக இருக்கலாம். அளவு மிக அதிகமானால் இரண்டாம் தொற்றாகவும் இருக்கலாம்.

4. எல்லாம் நெகட்டிவ், காய்ச்சல் தொடங்கி ஐந்து நாள் ஆகவில்லை: 'டெங்கு இல்லை' என்று பொருள் அல்ல. 'இன்னும் தெரியவில்லை' என்பதே பொருள். மருத்துவர் சொல்லும் நாளில் மறுபடி எடுக்க வேண்டும்.

சீட்டை விட முக்கியமானது

டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. பாசிட்டிவ் ஆனாலும் நெகட்டிவ் ஆனாலும், டெங்கு என்று சந்தேகம் வந்துவிட்டால் கவனிப்பு ஒன்றுதான்: போதிய நீர் ஆகாரம், ஓய்வு, மருத்துவரின் மேற்பார்வை, இரத்தத் தட்டணுக்களையும் இரத்தத்தின் அடர்த்தியையும் மருத்துவர் சொல்கிறபடி திரும்பத் திரும்பப் பார்ப்பது. காய்ச்சல் தணிகிற நேரம்தான், பெரும்பாலும் 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள், ஆபத்தான நேரம். அப்போது இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் இறங்கிவிடலாம். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு, கை கால் சில்லிடல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் சீட்டுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். "காய்ச்சல் விட்டுட்டு அண்ணாச்சி" என்று என் பையன் சொன்ன அந்த நாளில்தான் அவனைப் படுக்க வைத்திருக்க வேண்டும். நான் மூட்டை தூக்க வைத்தேன்.

நமது கடைகளில் தலைவலி, உடம்புவலி என்று கேட்பவர்களுக்கு மாத்திரை கொடுக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் டெங்குவில் இரத்தக் கசிவை அதிகமாக்கும். இரண்டு ரூபாய் வியாபாரத்துக்காக இந்தப் பாவத்தைச் சுமக்க வேண்டாம். நிலவேம்புப் பொடி கேட்டு வந்தால் விற்கலாம். ஆனால் "இதைக் குடித்தால் போதும், டாக்டர் வேண்டாம்" என்று சேர்த்து விற்கக் கூடாது.

நம் கடையும் கிட்டங்கியும்

அரசுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 2012ல் 12,826 பேருக்கு டெங்கு கண்டு 66 பேர் இறந்தார்கள். 2017ல் 23,294 பேருக்குக் கண்டு 65 பேர் இறந்தார்கள். ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. நாம் கடையில் இருக்கும் நேரமும் அதுதான். எண்ணெய் டின், உடைந்த பக்கெட், பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, தார்பாயின் மடிப்பு, குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டு ஆகியவற்றில் தேங்கும் கையளவு நீர் அதற்குப் போதும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள். ஆகவே வாரம் ஒரு நாள், கடை விடுமுறை அன்று, எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டால் அந்தச் சுழற்சி அறுந்துவிடும். நீர் வற்றினாலும் முட்டை பல மாதம் உயிரோடு இருக்கும் என்பதால், கொட்டினால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும்.

கடையிலேயே தங்கும் பையன்களுக்குக் காய்ச்சல் வந்தால் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். முதல் ஐந்து நாள் வரை அவரைக் கடிக்கும் கொசு நோயை வாங்கி, ஒன்றரை வாரத்துக்குள் மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கும். காய்ச்சல் விட்ட பிறகும் மருத்துவர் போகச் சொல்லும் வரை வேலைக்கு அழைக்காதீர்கள், கூலியைப் பிடிக்காதீர்கள். கூலி போய்விடுமே என்ற பயத்தில்தான் என் பையன் எழுந்து வந்தான் என்று பின்னால் அவன் தாயார் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

இப்போது என் கல்லாப்பெட்டிக்கு மேல் ஓர் அட்டை தொங்குகிறது. கடையில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் பெயரும் தொடங்கிய தேதியும் அதில் எழுதுகிறோம். ஏழு நாள் முடியும் வரை அந்தப் பெயரை அழிப்பதில்லை. நம் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் இப்படி ஓர் அட்டை மாட்டி வைக்க வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.